நீரிழிவோடு ஹஜ் செல்வோர் கவனத்திற்கு

பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர், கல்முனை முதலிய கரையோர ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவோரில் பலர் வயதில் மூத்தவர்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்குத் தினமும் மருந்து எடுப்போரும் அவர்களுள் உண்டு. ஹஜ், சக்தி பெற்றோர் மீதே கடமை. பணத்தோடு உடல்நலமும் அந்தச் சக்தியில் அடங்கும்.

ஆயத்தம் கிளினிக்கில் தொடங்க வேண்டும். பயணத்துக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே இரத்தச் சீனி, சிறுநீரகம், இதயம், கண், பாதம் ஆகியவற்றைப் பரிசோதித்தால் சிகிச்சையைச் சீராக்க அவகாசம் கிடைக்கும். சிறுநீரை அதிகரிக்கும் குளிசைகளைக் கடும் வெப்பத்தில் எவ்வாறு எடுப்பது என்பதையும் அப்போதே வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைச் சவூதி அரேபியாவை அடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும்.

நோய்களையும் மருந்துகளின் பொதுப்பெயர்களையும் குறிப்பிட்டு வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதித் தரும் கடிதம் கடவுச்சீட்டுடன் இருக்கட்டும். தூக்க மருந்துகள், கடும் வலிநிவாரணிகள் சில சவூதியில் கட்டுப்படுத்தப்பட்டவை. அவற்றைக் கொண்டுசெல்லுமுன் அனுமதி தேவையா என விசாரிப்பது அவசியம்.

இன்சுலினையும் குளிசைகளையும் கைப்பையிலேயே வைக்க வேண்டும். பெரிய பெட்டி வழிதவறினால் மருந்தும் போய்விடும். விமானத்தின் சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்தால் அதைப் பயன்படுத்த முடியாது. வெப்பமும் அதைக் கெடுக்கும் என்பதால், கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் செல்லும் வாகனத்தில் வெயில் படும் இடத்தில் அதை வைக்கக்கூடாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிர் தேவை. சவூதி நேரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. ஊசி நேரத்தை அதற்கேற்ப மாற்றும் முறையை வைத்தியரே சொல்ல வேண்டும்.

தவாபும் ஸஃயீயும் நீண்ட நடை. வழமையான அளவு மருந்தை எடுத்துவிட்டு உணவைத் தாமதித்தால் சீனி திடீரெனக் குறையும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளவிட வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அவசர உதவியை அழைக்க வேண்டும்.

உணர்விழந்த பாதத்துக்குச் சுடும் தரையும் சிறு கல்லும் தெரியாது. வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்த்து, இஹ்ராமுக்கு ஏற்ற மென்மையான செருப்பணிந்து, இரவில் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

2024 ஜூன் 17ஆம் திகதி மக்காவில் வெப்பம் 51.8 பாகையை எட்டியது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. பெரும்பாலானோர் அனுமதியின்றி வந்து, தங்குமிட வசதியில்லாமல் வெயிலில் நீண்டதூரம் நடந்தவர்கள். முறையான அனுமதி, குடை, அடிக்கடி தண்ணீர், நண்பகலில் நிழல் ஆகியவை உயிர்காப்பவை. இயலாதோருக்குச் சக்கர நாற்காலியும், கல்லெறிவதற்குப் பிறரை நியமிக்கும் சலுகையும் உண்டு; அவற்றை ஏற்கத் தயங்கத் தேவையில்லை.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஏற்பட்டால், சவூதி சென்று வந்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பாதத்தில் புண் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே காட்ட வேண்டும்.