கடல் சாமந்திக்கு என்ன தீனி? வாரம் 2 துண்டு போதும்!

கண்ணாடித் தொட்டியில் வளரும் கடல் சாமந்திகளில் பல, பட்டினியால் சாவதில்லை. ஆசையாக அள்ளிக் கொடுக்கும் தவறான தீனியால்தான் சாகின்றன. கடலில் இருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் நெய்வேலி போன்ற ஊரில் இதை வளர்ப்பவர்கள் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது?

நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும், சுற்றுவட்டாரத்து முந்திரியும், பண்ருட்டிப் பலாவும்தான் நினைவுக்கு வரும். கடல் நினைவுக்கு வராது. ஆனால், கிழக்கே போனால் கடலூர் துறைமுகம். தென்கிழக்கே போனால் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. கோமாளி மீன் போன்ற கடல் அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் ஆய்வுகள் நடந்த இடம் அது. கோமாளி மீன் குடியிருக்கும் வீடுதான் கடல் சாமந்தி. கடல் அனிமோன் என்றும் சொல்வார்கள்.

பூ மாதிரி இருந்தாலும் இது செடி அல்ல, விலங்கு. நடுவில் ஒரே ஒரு வாய். உணவு போவதும் அதன் வழியாகத்தான், கழிவு வெளியேறுவதும் அதன் வழியாகத்தான். வாயைச் சுற்றியிருக்கும் இதழ் போன்ற விரல்களில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் உண்டு. பக்கத்தில் வரும் சிறு இறாலையும் மீனையும் கொட்டி மயக்கி, வாய்க்குத் தள்ளிவிடும்.

வெளிச்சம்தான் முதல் தீனி

கோமாளி மீன்கள் குடியிருக்கும் வெப்பமண்டலக் கடல் சாமந்திகளின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும் பங்கைக் கடல் சாமந்திக்கே கொடுத்துவிடுகின்றன. கோமாளி மீனின் கழிவில் வரும் அமோனியாவை இந்தப் பாசிகள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. ஒருங்கிணைந்த பண்ணையில் மாட்டுச் சாணம் பயிருக்கும், பயிரின் தழை மாட்டுக்கும் போவது போன்ற ஏற்பாடு இது.

கறவை மாட்டோடு ஒப்பிட்டால், வெளிச்சம் பசுந்தீவனம். நாம் கொடுக்கும் இறாலும் மட்டியும் அடர்தீவனம். பசுந்தீவனமே இல்லாமல் அடர்தீவனத்தை மட்டும் கொட்டினால் மாட்டுக்கு என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும். பவளத் தொட்டிகளுக்கான விளக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் எரிய வேண்டும். விளக்கு சரியில்லாத தொட்டியில் எவ்வளவு நல்ல தீனி கொடுத்தாலும் பாசிகள் வெளியேறி, கடல் சாமந்தி வெளுத்துப்போகும்.

எதைக் கொடுக்கலாம்?

அடிப்படை விதி ஒன்றுதான். கடலில் வாழும் விலங்குக்குக் கடலில் விளைந்த உணவையே கொடுக்க வேண்டும்.

இறால்: முதல் தேர்வு. பச்சை இறாலை ஓடும் குடலும் நீக்கி, கழுவி, வேகவைக்காமல் கொடுக்க வேண்டும்.

மட்டி: ஓட்டுக்குள் இருக்கும் சதையைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். உயிரோடு இருக்கும் மட்டி, தட்டினால் ஓட்டை மூடிக்கொள்ளும். திறந்தே கிடப்பதை வாங்க வேண்டாம்.

கணவாய்: நம் பக்கத்தில் கடம்பா என்பார்கள். சதை சற்றுக் கெட்டியானது என்பதால் மிகச் சிறிதாக நறுக்க வேண்டும்.

கொழுப்பு குறைந்த கடல் மீன்: கிழங்கான் போன்ற மீனின் முள் நீக்கிய சதை நல்லது. எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள மத்தி, கானாங்கெளுத்தி தண்ணீரில் எண்ணெய்ப் படலம் விடும்.

ஆர்டீமியா: இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் பயன்படும் இதே நுண்ணுயிர், சிறிய அல்லது நலிந்த கடல் சாமந்திக்கு ஏற்றது. முட்டைகளை உப்புநீரில் போட்டு, காற்றும் வெளிச்சமும் கொடுத்தால் ஒரே நாளில் பொரிந்துவிடும்.

ஒரே உணவைத் தொடர்ந்து கொடுக்காமல், ஒரு முறை இறால், அடுத்த முறை மட்டி என்று மாற்றிக் கொடுத்தால் சத்துக் குறைபாடு வராது.

எதைக் கொடுக்கக் கூடாது?

கோழி ஈரல், ஆட்டிறைச்சி, முட்டை வேண்டவே வேண்டாம். நிலத்து விலங்குகளின் கொழுப்பைச் செரிக்கும் அமைப்பு இதற்குக் கிடையாது. செரிக்காத கொழுப்பு தண்ணீரையும் கெடுக்கும்.

கடைகளில் தீனிக்காக விற்கும் தங்கமீன் போன்ற நன்னீர் மீன்களும் கூடாது. கடல் மீனில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் இவற்றில் குறைவு. தங்கமீனில் உள்ள ஒரு நொதி, வைட்டமின் பி1 சத்தையே அழித்துவிடும்.

கருவாடு, உப்புக்கண்டம், மசாலா தடவியது, வேகவைத்தது எதுவும் ஆகாது. கெடாமல் இருக்க பார்மலின் சேர்த்த மீன் என்று சந்தேகம் வந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். செவுள் சிவப்பாகவும், கண் துருத்திக்கொண்டும், விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழும்பியும் இருந்தால் புது மீன். வாடை சுத்தமாக இல்லாமல் விறைத்துப்போய் இருந்தால் வாங்க வேண்டாம்.

எவ்வளவு, எப்படி?

துண்டின் அளவு கடல் சாமந்தியின் வாயைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. நடுத்தர அளவுள்ளதற்கு ஒரு வேர்க்கடலை அளவு போதும். வாரத்துக்கு 1 அல்லது 2 முறை. அவ்வளவுதான். பெரிய துண்டாகக் கொடுத்தால் விழுங்குவது போலத் தெரியும். ஆனால், சில மணி நேரத்தில் அல்லது மறுநாள் அப்படியே கக்கிவிடும். அந்த அழுகிய சதையில் இருந்து வரும் அமோனியா தொட்டி முழுவதையும் பாதிக்கும்.

முதலில் கோமாளி மீனுக்குத் தீனி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது துண்டைப் பறித்துக்கொண்டு ஓடும். பிறகு தண்ணீர் ஓட்ட மோட்டாரைச் சிறிது நேரம் நிறுத்தி, நீளமான பிளாஸ்டிக் இடுக்கியால் துண்டை விரல்களின் மேல் மெதுவாக வைக்க வேண்டும். வாய்க்குள் திணிக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளாவிட்டால் துண்டை வெளியே எடுத்துவிட்டு, மோட்டாரை மறக்காமல் போட வேண்டும்.

புதிதாக வாங்கி வந்ததற்கு உடனே தீனி தேவையில்லை. ஓரிடத்தில் காலூன்றி, விரல்கள் விரிந்து, ஒட்டும் தன்மை வந்த பிறகு ஆரம்பித்தால் போதும்.

தடைக்காலத்துக்கு 100 கிராம் சேமிப்பு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் புது மீன் வரத்து குறையும். ஐஸில் பல நாள் கிடந்த மீன்தான் அதிகம் கைக்கு வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 2 துண்டு என்றால் தடைக்காலம் முழுவதற்கும் 18 துண்டுகள்தான் தேவை. வேர்க்கடலை அளவுத் துண்டுக்கு 100 கிராம் சதை தாராளமாகப் போதும்.

ஏப்ரல் முதல் வாரத்திலேயே நல்ல இறாலும் மட்டியும் வாங்கிச் சுத்தம் செய்து, நறுக்கி, ஒரு வேளைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பொட்டலமிட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடலாம். கொடுக்கும்போது சிறிது தொட்டித் தண்ணீரில் போட்டு இளக்கி, அந்தக் கழிவு நீரைக் கொட்டிவிட்டு, துண்டை மட்டும் கொடுக்க வேண்டும். ஒரு முறை இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

அக்னி நட்சத்திரமும் இதே காலத்தில்தான் வருகிறது. தொட்டித் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 30 டிகிரியைத் தாண்டும் நாள்களில் தீனியை நிறுத்திவிடுவது நல்லது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. மிச்சத் தீனி வேகமாக அழுகும். தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறிய மின்விசிறி வைத்தால் சூடு கொஞ்சம் குறையும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

திடீரென்று சுருங்கி, பழுப்பு நிறத்தில் ஏதோ கக்குகிறதே?

கழிவை வெளியேற்றுகிறது. சில மணி நேரத்தில் மீண்டும் விரிந்தால் பயமில்லை. வாய் பிளந்தபடியே இருந்து, விரல்கள் ஒட்டாமல், துர்நாற்றமும் வந்தால் இறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மற்ற மீன்களும் போய்விடும்.

மீனுக்கு நோய் வந்தால் தொட்டியில் மருந்து ஊற்றலாமா?

தாமிரம் கலந்த மருந்து கடல் சாமந்தியைக் கொன்றுவிடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

கடலில் இருந்து நாமே எடுத்து வரலாமா?

வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. வளர்ப்புத் தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும் ரகங்கள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்குவதே நல்லது.

எத்தனை காலம் உயிரோடு இருக்கும்?

ஸ்காட்லாந்தில் 1828-ல் கடற்கரையில் இருந்து எடுத்து வந்த ஒரு கடல் சாமந்தி, கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை வாழ்ந்தது. ‘பாட்டி’ என்றே அதற்குப் பெயர். எடுத்து வந்தவர் இறந்த பிறகும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி அது வாழ்ந்தது. அது குளிர்ந்த கடலைச் சேர்ந்த வேறு ரகம்தான். ஆனாலும், கடல் சாமந்தி நீண்ட ஆயுள் கொண்ட உயிர் என்பதற்கு அது சாட்சி. ஒன்றை வாங்கும் முன், அத்தனை காலம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.