தாவி இறங்கும் முழங்கால் ஏன் வலிக்கிறது?

எகிறி அடித்து இறங்கும் வாலிபால் வீரருக்கு முழங்கால் சில்லின் கீழ்முனையில், ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி வலிப்பது தசைநாண் நோவு. 2005இல் வெளியான நார்வே ஆய்வில் முதல்தர வாலிபால் வீரர்களில் சுமார் 45 சதவீதத்தினருக்கு அது இருந்தது. வலி முழங்காலில், கோளாறு பல நேரம் மேலேயோ கீழேயோ.

இடுப்பை மடக்காமல் விறைப்பாக இறங்கினால் பிட்டத் தசைகள் சும்மா இருந்துவிடும். முன்தொடைத் தசையே அதிர்ச்சியை வாங்கி நாணை இழுக்கும். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தால் முழங்கால் உள்ளே சாயும். பாதவளைவு அளவுக்கு மீறித் தட்டையானாலும் கீழ்க்கால் உட்புறம் திரும்பும்.

கணுக்கால்தான் அதிகம் கவனிக்கப்படாதது. குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முயன்றால் அதன் விறைப்பு தெரிந்துவிடும். மடங்காத கணுக்கால் அதிர்ச்சியை உள்வாங்காமல் மேலே தள்ளுகிறது. விறைப்பு காரணமா விளைவா என்ற வாதம் தீரவில்லை.

இறங்கும் தரைக்கும் இதில் பங்குண்டு. கடற்கரை மணல் கால் பதிய இடம்கொடுக்கும். இறுகிய மண்தரை கொடுக்காது. கடற்கரை வாலிபாலில் இந்நோவு குறைவாகக் காணப்படுகிறது.

வெறும் ஓய்வால் வலி அடங்கும், நாண் வலுக்காது. மெதுவாகப் பாரம் ஏற்றும் குந்துப் பயிற்சியோடு பிட்டத்துக்கும் கெண்டைக்காலுக்கும் பயிற்சி தேவை; அதற்கு மாதங்கள் பிடிக்கும்.