புத்திமதி கிடைக்காத அறை

ப்ளஸ் டூ படிக்கும் மகனை அழைத்து வரும் அப்பா, உளவியல் ஆலோசகரின் அறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் சொல்வது இதுதான்: “இவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறான்.” ஆலோசகர் அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வார். பிறகு, “நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க சார், தம்பிகிட்ட தனியா பேசணும்” என்பார். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும்போது அந்த நாலு வார்த்தை சொல்லப்பட்டிருக்காது. பையன்தான் பேசியிருப்பான்.

இதற்கு எதற்குப் படித்த ஆள், இதற்கு எதற்குக் கட்டணம் என்று அப்பா கேட்டால் அது நியாயமான கேள்விதான். நம் ஊரில் புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை. மாமா சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கூடச் சொல்வார். அத்தனையும் கேட்டுத் தீராத சிக்கலோடுதான் ஒருவர் கவுன்சலிங்குக்கு வருகிறார். அங்கே இருப்பவரும் இன்னொரு மாமாவாக இருந்தால் என்ன பயன்?

முதல் நாள்

முதல் சந்திப்பில் பெரிதாக எதுவும் நடக்காதது போலத் தோன்றும். என்ன தொல்லை, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறீர்களா, வீட்டில் யார் யார் என்று கேள்விகள் போகும். எதெல்லாம் இந்த அறையைத் தாண்டி வெளியே போகாது, எது போக நேரலாம் என்பதையும் ஆலோசகர் அன்றே சொல்லிவிட வேண்டும். சந்திப்பு பொதுவாக வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்.

அன்று கேட்கப்படும் முக்கியமான கேள்வி: “எது மாறினா இங்க வந்தது வீண் போகலைன்னு நினைப்பீங்க?” அப்பாவைக் கேட்டால் மகன் படிக்க வேண்டும் என்பார். மகனுக்கோ, இரவு 2 மணி வரை தூக்கம் வராமல் நெஞ்சு படபடப்பது நிற்க வேண்டும். பணம் கட்டுபவர் அப்பாவாக இருக்கலாம். ஆனால் ஆலோசகர் கையில் எடுக்க வேண்டியது அந்தப் படபடப்பைத்தான். படிப்பு அதன் பின்னால் வந்தாலும் வரலாம்.

கேட்பது என்பது வேலை

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒருவர் மாறுவதற்கு ஆலோசகரிடம் இருக்க வேண்டியவையாக அவர் சொன்னவற்றில் மூன்று முக்கியமானவை. வந்தவரின் இடத்தில் நின்று உணர்வது, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் மதிப்பது, உள்ளொன்று புறமொன்று இல்லாமல் இருப்பது. படிக்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

ஓர் உதாரணம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், “எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போச்சு. ஆபீஸ்ல மதிப்பில்ல, வீட்லயும் அப்படித்தான்” என்கிறார். நண்பராக இருந்தால், “இதெல்லாம் ஒரு விஷயமா? உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்!” என்று தோளைத் தட்டுவார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆலோசகர் சொல்வது வேறு: “ரெண்டு இடத்துலயும் நீங்க இருக்கிறதே யார் கண்ணுக்கும் படலைன்னு தோணுது, இல்லையா?” வந்தவர் சற்று யோசித்து, “இல்ல... வீட்ல தெரியுது. தெரிஞ்சும் யாரும் கேக்கறதில்ல. அதுதான் தாங்கல” என்பார். ஆலோசகர் புரிந்துகொண்டதில் சிறு பிசகு இருந்தது. வந்தவரே அதைத் திருத்தினார். அப்படித் திருத்தும்போதுதான் தனக்கு வலிப்பது எங்கே என்று அவருக்கே பிடிபட்டது. இந்தப் பலன் தோள்தட்டலில் கிடைக்காது.

எண்ணத்தை விசாரிப்பது

கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. 1960-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருப்பவர்களின் மனதில் ஒரே மாதிரியான எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வரப்போகும் நாளைப் பற்றி எல்லாமே இருட்டு. அந்த எண்ணங்களை அவர்கள் சந்தேகிப்பதே இல்லை. இதிலிருந்து வளர்ந்ததுதான் ‘சிபிடி’ எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை.

இதில் வீட்டுப்பாடம் உண்டு. காலையில் மேனேஜர் முகம் கொடுக்காமல் போனார் என்று வையுங்கள். நோட்டில் கோடு போட்டு எழுத வேண்டும்: நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன (‘என்னை வேலையைவிட்டுத் தூக்கப்போறாங்க’), அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், வேறு காரணம் இருக்க முடியுமா. போன மாதம்தான் அவர் புது வேலையொன்றை நம்பி ஒப்படைத்தார் என்பது எழுதும்போதுதான் நினைவுக்கு வரும். சுவரில் ஒட்டியிருக்கும் ‘பாசிட்டிவாக யோசி’ போஸ்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசாரித்துப் பார்த்ததில் அந்த எண்ணம் உண்மை என்றே தெரிந்தால், அடுத்த வேலையைத் தேடுவது எப்படி என்று பேச வேண்டியதுதான்.

எந்த முறை சிறந்தது என்று பலர் கேட்கிறார்கள். எந்த முறையானாலும், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பு பலனோடு நெருங்கிய தொடர்புடையது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் இதை வைத்து ‘அன்பாகப் பேசினால் போதும்’ என்று முடிவுகட்டக் கூடாது. கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ள வைத்து, கை கழுவாமல் இருக்கப் பழக்கும் பயிற்சி வேண்டும். அதைக் கற்காதவர் எவ்வளவு கனிவாக இருந்தாலும் வருடங்கள்தான் ஓடும்.

குடிப்பவரோடு வாதாடாமல்

குடிநோய்க்கு ஆளானவரிடம் குடும்பமே கெஞ்சும், திட்டும், சாமி முன்னால் சத்தியம் வாங்கும். ‘குடிக்கக் கூடாது’ என்ற பக்கத்தை எல்லோரும் பேசித் தீர்த்துவிடுவதால், ‘குடித்தால் என்ன’ என்ற பக்கம் மட்டுமே அவருக்கு மிஞ்சுகிறது. அமெரிக்காவின் வில்லியம் மில்லர் 1983-ல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறை இதைத் திருப்பிப் போடுகிறது. “குடியில உங்களுக்குப் பிடிச்சது என்ன?” என்றே ஆலோசகர் தொடங்கலாம். உடம்பு வலி, தூக்கம், கூட்டாளிகள் என்று அவர் பதில் சொல்வார். “பிடிக்காதது?” என்றதும் சிறு மௌனம். “பொண்ணு என் பக்கத்துல உக்கார மாட்டேங்குறா.” அந்த வாக்கியத்தை அவர் வாயாலேயே சொன்னதற்கு ஒரு கனம் உண்டு. ஆலோசகர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேச வைப்பார்.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டத்தைக் கடக்க மருத்துவர் வேண்டும், கவுன்சலிங் பிறகுதான். சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மருத்துவத்தோடு ஆலோசனையையும் குடும்பத்தின் பங்கையும் சேர்த்தே நடத்தி வருவது இதனால்தான்.

நம்பிக்கை மையம்

கவுன்சலிங் என்றால் ஏசி அறை, வசதியானவர்கள் என்று நினைப்பவர்கள் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக இருக்கும் நம்பிக்கை மையத்தை மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. 1986-ல் சென்னையில்தான், சுனிதி சாலமன் குழுவினரின் ஆய்வில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் வந்த பரிசோதனைத் திட்டத்தில், ரத்தம் எடுக்கும் முன்பும் முடிவு சொல்லும்போதும் ஆலோசகர் பேச வேண்டும் என்பது விதியானது. எளிய மக்கள் கவுன்சலிங்கை முதலில் பார்த்தது இங்கேதான் என்பது என் எண்ணம்.

இந்த ஆலோசகர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ‘பாசிட்டிவ்’ என்று கேட்டபின் சொல்லப்படும் எதுவும் எதிரே இருப்பவரின் காதில் ஏறாது. மாத்திரை, உணவு, ஆணுறை என்று அன்றே கொட்டிப் பயனில்லை. அனுபவம் உள்ளவர் கொஞ்சம் பேசாமல் இருப்பார். பிறகு, “இன்னைக்கு வீட்டுக்கு யாரோட போவீங்க? இதை யார்கிட்டயாவது சொல்ல முடியுமா?” என்பார். தொடர்ந்து மாத்திரை எடுத்தால் நெடுநாள் வாழலாம் என்பதை அன்று ஒருமுறை, அடுத்த முறை வரும்போது இன்னொரு முறை சொல்வார்.

ரகசியமும் அதன் எல்லையும்

அறையில் பேசியதை அப்பாவிடமோ கணவரிடமோ மேலதிகாரியிடமோ ஆலோசகர் சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து தெரிந்தால் பாதுகாப்புக்குத் தேவையான அளவு மட்டும் பிறரிடம் சொல்லலாம். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும்.

மேலே ஒருவர் ‘வாழ்க்கையே வெறுத்துப்போச்சு’ என்றாரே, அந்த வாக்கியத்தை ஆலோசகர் கேட்டும் கேட்காமல் விட முடியாது. “செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?” என்று நேராகவே கேட்பார். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று வீட்டார் பயப்படுவதுண்டு. அப்படி வருவதில்லை, பலருக்குக் கேட்டதே ஆறுதலாகிறது. சென்னையில் 1986-ல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தன்னார்வலர்களும் இப்படித்தான், உபதேசம் செய்யாமல் கேட்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்பது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். போலீஸ் கேஸாகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

யாரிடம் போவது?

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். நல்ல ஆலோசகர் தானே அனுப்பிவைப்பார். தீராத சோர்வோடு வருபவரைத் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்வதும் உண்டு. மருத்துவ உளவியலாளர், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருப்பார். மற்ற ஆலோசகர்கள் உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்திருக்க வேண்டும். ஆனால் வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கிப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், என் பிரச்சினைக்கு என்ன முறை பயன்படுத்துவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே நாளில் குணமாக்குவேன் என்பவரையும், பரிகாரம் சொல்பவரையும், உங்களைப் பேசவிடாமல் தன் கதையைப் பேசுபவரையும் தவிர்த்துவிடுங்கள்.

கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சேவை இருக்கிறது. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

நாலைந்து முறை போயும் நகரவில்லை என்று தோன்றினால் சொல்லாமல் நின்றுவிடாமல், அதை ஆலோசகரிடமே சொல்லுங்கள். பல நேரங்களில் அந்தப் பேச்சிலேயே ஏதாவது திறந்துகொள்ளும். அப்படியும் ஒத்துவராவிட்டால் வேறொருவரைப் பரிந்துரைக்கச் சொல்லி, இதுவரை பேசியதன் சுருக்கத்தை எழுதித் தரும்படியும் கேட்கலாம். புதியவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்காது.