தண்ணீரில் நின்று அடித்த அடி

மணநாளில் அணிவிக்கப்பட்ட மோதிரத்தை, நாட்டின் கடனை அடைப்பதற்கென்று கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கின்றீர்களா? 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்கொரியாவில் அது நிகழ்ந்தது. முந்தைய ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போய், பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நிற்கும் நிலை வந்திருந்தது. நிறுவனங்கள் பல மூடப்பட்டன. குடும்பத் தலைவர்கள் வேலையிழந்தனர். ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் தங்கள் வீட்டுத் தங்கத்தை முன்வந்து அளித்தனர்.

அந்த ஆண்டு ஜூலைத் திங்களில்தான், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கோலர் என்னும் ஊரில் மகளிருக்கான அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி நடைபெற்றது. 1946 முதல் நடந்துவரும் பழம்பெரும் போட்டி அது. கோல்ஃப் ஆட்டத்தின் கணக்கு எளியது: 18 குழிகளிலும் பந்தை விழச்செய்ய மிகக் குறைந்த அடிகளை எடுத்துக் கொண்டவரே வென்றவர். நமக்குப் பழக்கமில்லாத, செல்வந்தர் ஆட்டமென்று நாம் ஒதுக்கிவிடுகின்ற விளையாட்டுத்தான். இருப்பினும் இந்த ஒரு போட்டியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

நான்கு நாள் ஆட்டம் முடிந்தபோது இருவர் 290 அடிகளுடன் சமநிலையில் நின்றனர். ஒருவர் தென்கொரியாவின் பாக் சே ரி. மற்றவர் தாய்லாந்து வழிவந்த அமெரிக்க மாணவி ஜென்னி சுவாசிரிபோர்ன். பரிசுப்பணம் பெறாது ஆடும் அமெச்சூர். கடைசிக் குழியில் சுமார் 40 அடி தொலைவிலிருந்து பந்தை உருட்டி விழச்செய்தவர், தாமே நம்பமுடியாமல் வாயைப் பொத்திக் கொண்டார். இருவருக்கும் வயது 20.

மறுநாள் மீண்டும் 18 குழிகள் ஆட வேண்டியதாயிற்று. பதினெட்டாவது குழியிலும் சமநிலை நீடிக்க, பாக் அடித்த பந்து இடப்புறம் விலகிக் குளக்கரைச் சரிவின் புல்லில் சிக்கியது. ஓர் அடியைத் தண்டமாக ஏற்று, பந்தை வேறிடத்தில் வைத்து ஆடலாம். விதி அதற்கு இடந்தருகிறது. அவர் நெடுநேரம் பந்தையே பார்த்து நின்றார். பிறகு காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். வெயிலில் கறுத்த கால்களுக்குக் கீழே, காலுறை காத்த பாதங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. எத்தனை நாள் வெயிலில் நின்று பயின்றிருந்தால் அந்த நிறவேறுபாடு வரும் என்று எண்ணிப் பாருங்கள்! பந்து மேலேறிப் புல்வெளியில் விழுந்தது. ஜென்னியும் அக்குழியில் ஓர் அடி மிகுதியாக எடுக்க, இருவரும் 73. அதன்பின் இரண்டாவது கூடுதல் குழியில் பாக் வென்றார்.

அப்போது கொரியாவில் விடியாத இரவு. தொலைக்காட்சியின் முன் கண்விழித்திருந்த இல்லங்கள் பல. அவற்றுள் ஒன்றில் 9 வயதுச் சிறுமி பாக் இன் பீ இருந்தாள். பெற்றோரின் ஆரவாரத்தைக் கண்டு, சில நாட்களிலேயே மட்டையைக் கையிலெடுத்தாள். 2008-இல் இதே போட்டியை 19 வயதில் வென்று, மிக இளைய வெற்றியாளர் என்ற பாக் சே ரியின் பெருமையைத் தனதாக்கிக் கொண்டாள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவள் தங்கம் வென்றபோது, அணியின் பயிற்சியாளராக அருகில் நின்றவர் அதே பாக் சே ரி.

ஜென்னி என்னவானார் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகள் தொழில்முறை ஆட்டத்தில் முயன்றார், அது கைகூடவில்லை. பின்னர் செவிலியர் படிப்பை முடித்து, நோயாளிகளைப் பேணும் பணியில் சேர்ந்தார்.