கணைக்காற் காப்பும் வளர்ந்தோர் சுதந்திரமும்: உதைபந்தாட்ட விதியொன்றின் சமூக அடிப்படை

உதைபந்தாட்டத்தில் ஈடுபடுவோர் அனைவரும் கணைக்காற் காப்பு அணிதல் வேண்டும் என்பது 1990 ஆம் ஆண்டு முதல் அவ்விளையாட்டின் சர்வதேச விதியாக இருந்து வருகின்றது. ஆட்டக்காரரின் உபகரணங்கள் பற்றிய நான்காம் விதி, காப்பானது தகுந்த பொருளாற் செய்யப்பட்டதாயும், நியாயமான பாதுகாப்பினை அளிப்பதாயும், காலுறையினால் மூடப்பட்டதாயும் இருத்தல் வேண்டுமென்று கூறுகின்றது. சிறுவரைப் பொறுத்தவரையில் இவ்விதியினை எவரும் ஆட்சேபிப்பதில்லை. வளர்ந்தோர், அதிலும் ஊதியம் எதுவும் பெறாது ஓய்வு நாட்களில் விளையாடும் வளர்ந்தோர் தொடர்பாகவே வினா எழுகின்றது. தமது காலுக்கு நேரக்கூடிய தீங்கினை நன்கறிந்து அதனை ஏற்றுக்கொள்ளும் ஒருவரை வற்புறுத்துவதற்கு விதிக்கு என்ன உரிமை உண்டு என்பதே அவ்வினாவாகும்.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. முதலாவது தாராண்மைவாத விடை. ஜோன் ஸ்ரூவர்ட் மில் 1859 இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்னும் நூல் முதலாக நன்கு அறியப்பட்ட வாதம் அது: பிறருக்குத் தீங்கு விளையாதவிடத்து, வளர்ந்த ஒருவரை அவரது நன்மைக்காகவேனும் கட்டாயப்படுத்தலாகாது. இரண்டாவது நிர்வாக விடை: காப்பு காயங்களைக் குறைக்கின்றது, ஆதலால் அது கட்டாயமாதல் வேண்டும். ஒன்றையொன்று மறுப்பனபோற் காணப்படினும் இவ்விரு விடைகளுக்கும் பொதுவான குறையொன்றுண்டு. இரண்டும் வரலாறும் வர்க்கமும் அற்ற ஒரு காலைப் பற்றியே பேசுகின்றன. கால் யாருடையது, அது முறிந்தால் யார் எதனை இழக்கிறார், அவ்விழப்பை யார் ஈடுசெய்கிறார் என்பன கேட்கப்படுவதில்லை. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

நவீன உதைபந்தாட்டத்தின் விதிகள் வகுக்கப்பட்டபோதே கணைக்கால் ஒரு பிரச்சினையாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1863 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் லண்டனிலுள்ள ஃபிறீமேசன்ஸ் விடுதியிற் கூடி உதைபந்தாட்டச் சங்கத்தை நிறுவியோர், எதிராளியின் கணைக்காலில் வேண்டுமென்றே உதைப்பதனை அனுமதிப்பதா இல்லையா என்பது குறித்துக் கடுமையாக முரண்பட்டனர். அதனை அனுமதித்த முதல் வரைவு பின்னர் திருத்தப்பட்டது. அவ்வழக்கத்தை ஒழித்தால் ஆட்டத்தின் வீரமே அழிந்துவிடும் என வாதிட்ட பிளாக்ஹீத் கழகத்தார் சங்கத்தைவிட்டு விலகினர். பின்னாளில், 1871 இல், அவர்களையும் உள்ளடக்கி அமைந்த றக்பி ஒன்றியமும் அவ்வழக்கத்தைத் தடைசெய்தமை சுவையான ஒரு வரலாற்று முரணாகும்.

இவ்விவாதத்தில் தடைக்கு ஆதரவாக எபனேசர் மோர்லி முன்வைத்த வாதம் எமது பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. கணைக்காலில் உதைப்பது நீடித்தால் முதிர்ச்சியுற்றோர் எவரும் ஆடமாட்டார். ஆட்டம் பள்ளி மாணவருக்கு மாத்திரம் உரியதாகிவிடும் என்றார் அவர். மோர்லி தொழிலாளியல்லர், ஒரு வழக்கறிஞர். எனினும் அவரது வாதத்தின் அடியில் உள்ளது, விளையாடி முடிந்ததும் தத்தம் அலுவலுக்குத் திரும்பவேண்டிய வளர்ந்தோரின் நிலைமையே. கனவான்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளில் கணைக்காலிற் பட்ட உதை ஆண்மையின் அடையாளமாகப் போற்றப்படலாம். அம்மாணவர் நோயிற் படுத்தால் உணவு தடைப்படுவதில்லை. பாதுகாப்பற்றிருக்கும் சுதந்திரம் தொடக்கத்தில் ஓய்வும் செல்வமும் உடையோரின் சுதந்திரமாகவே இருந்தது எனலாம். வளர்ந்தோர் ஆடவேண்டும் என்பதற்காகவே ஆட்டம் முதன்முதலிற் கட்டுப்படுத்தப்பட்டது.

2

கணைக்காற் காப்பினை 1874 இல் முதலிற் பயன்படுத்தியவராகக் கருதப்படுபவர் நொட்டிங்ஹாம் ஃபொறெஸ்ற் கழகத்தின் சாம் வெலர் விடோசன் ஆவர். கிறிக்கெற் ஆட்டத்திலும் வல்லவரான அவர், அவ்வாட்டத்துக்குரிய காற்காப்பினை வெட்டிச் சிறிதாக்கித் தமது காலுறையின் மேலே கட்டிக்கொண்டார். தொடக்கத்தில் ஏளனம் செய்யப்பட்ட இவ்வழக்கம் காலப்போக்கிற் பரவியது.

இதே காலப்பகுதியில் ஆட்டத்தின் வர்க்க அடித்தளமும் மாறிக்கொண்டிருந்தது. 1883 இல், நெசவாளரையும் பிற கைத்தொழிலாளரையும் கொண்ட பிளாக்பேர்ண் ஒலிம்பிக் அணி, ஈற்றன் பள்ளியின் பழைய மாணவர் அணியை வென்று சங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1885 இல் ஊதியத்துக்கு ஆடுதல் சட்டரீதியாக ஏற்கப்பட்டது. இதன்பின் கால் விளையாட்டின் கருவி மாத்திரமன்றி விற்கப்படும் உழைப்புச் சக்தியின் உறைவிடமும் ஆயிற்று.

இம்மாற்றத்தைச் சட்டம் தயங்கியே ஏற்றது. கிறிஸ்ரல் பலஸ் கழகத்தில் வாரச் சம்பளத்துக்கு ஆடிக் காயமுற்ற வோக்கர் என்பவரின் வழக்கில், 1906 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி தொழின்முறை ஆட்டக்காரரும் ஒரு வேலையாளரே என ஆங்கிலேய மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொழுதுபோக்காளருக்கு விளையாட்டாக இருப்பது அதனால் வயிறு வளர்ப்பவருக்கு வேலையே என்பதே அத்தீர்ப்பின் சாரம். பில்லி மெறடித் முதலியோர் 1907 இல் மன்செஸ்ரரில் அமைத்த ஆட்டக்காரர் தொழிற்சங்கமும் ஊதிய உச்சவரம்பினை எதிர்த்ததோடு நட்டஈட்டு உரிமையையும் தன் முக்கிய கோரிக்கையாகக் கொண்டிருந்தது.

உரிமை ஏட்டில் எழுதப்பட்ட பின்னரும் நிலைமை எவ்வாறிருந்தது என்பதற்கு 1953 இல் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அணியின் டெறெக் டூலிக்கு நேர்ந்தது சான்றாகும். பிறெஸ்ரனில் நடைபெற்ற ஆட்டத்தில் எதிரணிக் காப்பாளருடன் மோதிக் கால் முறிந்த அவருக்குப் புண்ணில் அழுகல் நோய் ஏற்பட்டுக் கால் துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 23. காப்பு அணிந்திருப்பின் அவர் கால் தப்பியிருக்கும் என்று இங்கு வாதிடப்படவில்லை. முறிந்த கால் ஒருவரது முழு வாழ்க்கைத் தொழிலையும் கொண்டுசெல்லும் என்பதையும், ஊதியத்துக்கு உச்சவரம்பு விதித்திருந்த ஓர் அமைப்பில் (அது 1961 இலேயே நீக்கப்பட்டது) அவ்விழப்பை ஈடுசெய்யப் பொதுமக்களின் பரிவும் தேவைப்பட்டது என்பதையுமே இந்நிகழ்வு காட்டுகின்றது.

3

தொழின்முறை ஆட்டக்காரர் விடயத்தில் இதனை ஏற்போர்கூட, ஊதியமின்றி ஆடுவோர் முற்றிலும் வேறானவர் எனக் கருதலாம். அவர்கள் விரும்பி ஆடுகிறார்கள். ஆபத்தை அறிந்து ஆடுகிறார்கள் என்பது வாதம்.

வளர்ந்தவர் சுயாதீனர், ஆதலால் அவருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்னும் இவ்வாதம் புதியதன்று. தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாறு முழுவதும் அது கேட்கின்றது. பிரித்தானியாவின் 1844 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரப் பகுதிகளுக்கு வேலியிடுவதனைக் கட்டாயமாக்கியது. சிறுவர், இளையோர் ஆகியோருடன் பெண்களின் வேலைநேரத்தையும் வரையறுத்தது. வளர்ந்த ஆண்களோ தமது உழைப்பைத் தாமே பேரம் பேசும் சுதந்திரம் உடையோர் எனக் கருதி விடப்பட்டனர். இச்சுதந்திரத்தின் மெய்த்தன்மையினை 'மூலதனம்' முதற் பாகத்தின் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆபத்தை அறிந்திருத்தல் வேறு, அதற்குச் சம்மதித்தல் வேறு என்பதை ஆங்கிலேயச் சட்டம் தெளிவாக ஒப்புக்கொள்ள 1891 வரை செல்லவேண்டியிருந்தது. பாரந்தூக்கி தலைக்கு மேலாகக் கற்களைக் கொண்டுசெல்லும் இடத்தில் வேலைசெய்து காயமுற்ற சிமித் என்னும் தொழிலாளியின் வழக்கில் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு அதுவாகும்.

ஓய்வுநாள் ஆட்டக்காரர் எசமானின் கட்டளைக்குட்பட்டவரல்லர் என்பது உண்மையே. ஆயின் அவர் தனியராகவும் முடிவெடுப்பதில்லை. விடோசன் ஏளனத்துக்கு ஆளானமை தற்செயலன்று. காப்பின்றி ஆடுவதே துணிவெனக் கருதப்படும் ஒரு குழுவில் காப்பு அணிபவர் கோழை எனப்படுவார். இத்தகைய சூழலில் தனிநபர் விருப்பு என்பது பெரும்பாலும் குழுவின் நிர்ப்பந்தமே. வட அமெரிக்காவின் தேசிய பனிக்கட்டி ஹொக்கி லீக் 1979 இல் புதிதாகச் சேர்வோர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. முன்னரே ஆடிவந்தோர்க்கு விலக்களிக்கப்பட்டது. கவசமின்றி ஆடிய இறுதி ஆட்டக்காரர் 1997 இல் ஓய்வுபெற்றார். அதன்பின் அங்கு கவசம் அணிவதனால் எவருடைய துணிவும் ஐயுறப்படுவதில்லை. பொதுவிதி இங்கு தனிமனிதரை ஏளனத்தின் ஆட்சியிலிருந்து விடுவித்திருக்கின்றது.

மேலும், காலில் முறிவு ஏற்பட்ட ஒரு நாட்சம்பளத் தொழிலாளியின் வீட்டில் அத்தீங்கு அவரோடு நின்றுவிடுவதில்லை. கணைக்காலுள்ளெலும்பு முறிந்தவர் பல மாதங்கள் வேலைக்குச் செல்ல முடியாது. பிறருக்குத் தீங்கில்லை என்னும் மில்லின் நிபந்தனை அங்கேயே தகர்கின்றது.

4

எனினும் காப்பினை மிகைப்படுத்துவதும் தவறாகும். ஆய்வுகூடப் பரிசோதனைகளில், காப்பானது மோதலின் விசையைப் பரப்பி எலும்பின்மீதான அழுத்தத்தைக் குறைப்பது நிறுவப்பட்டுள்ளது. சிராய்ப்பு, வெட்டு, கன்றல் ஆகியவற்றிலிருந்து அது நன்கு காக்கின்றது. ஆனால் ஆட்டத்திற் கணைக்கால் எலும்பு முறிந்தோரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுட் பெரும்பாலானோர் காப்பு அணிந்தே இருந்தனர் எனக் கண்டுள்ளனர். பெருவிசையுடன் நேரும் மோதலை அது தடுப்பதில்லை. கணுக்காலையும் முழங்காலையும் அது மூடுவதுமில்லை. 1983 இல் ஸ்பெயினில் மறடோனாவின் கணுக்காலை முறித்த உதைக்குக் காப்பு விடையாகாது. அதற்கு விடை ஆட்டவிதியும் மத்தியஸ்தரின் கண்டிப்புமே. பின்னாலிருந்து ஆபத்தான முறையில் தாக்குபவரை வெளியேற்றவேண்டும் என்பது 1998 இலேயே வலியுறுத்தப்பட்டது.

இங்குதான் விதியின் மறுபக்கம் வெளிப்படுகின்றது. 2024 இல் நான்காம் விதியுடன் சேர்க்கப்பட்ட வாசகமொன்று, காப்பின் அளவுக்கும் பொருத்தத்துக்கும் ஆட்டக்காரரே பொறுப்பு என்கின்றது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலர் உள்ளங்கையளவேயான காப்புகளை அணியும் வழக்கம் பரவிய பின்னணியில் இது நிகழ்ந்தது. கட்டாயம் நீடிக்கின்றது; பொறுப்போ ஆட்டத்தை நடத்தி இலாபம் பெறும் அமைப்புகளிடமிருந்து ஆடுபவரின் தோளுக்கு நகர்ந்துள்ளது. இயந்திரத்துக்கு வேலியிடாது, தொழிலாளியைக் கவனமாக வேலைசெய்யுமாறு கேட்ட ஆலை முதலாளியின் தர்க்கத்தினின்று இது வெகுதூரத்திலில்லை.

உபகரண விதி வறியோரை விலக்கும் கருவியாகவும் அமையலாம். 1911 இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணியினர், ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, சப்பாத்தணிந்த கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவினரை வென்றனர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்ற பின்னரே இந்தியாவிற் சப்பாத்து கட்டாயமாயிற்று. காப்பு கட்டாயமெனின் அதனை மூடக் காலுறையும் வேண்டும். எமது நாட்டின் ஊர்க்கழகங்களுக்கும் தோட்டப்புற அணிகளுக்கும் பதினொருவருக்கான இச்செலவு சிறியதன்று. 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் ஊதியமின்றி ஊருக்காக ஆடுபவரைத் தீண்டுவதில்லை. விதியை மாத்திரம் இறக்குமதி செய்து, அதனை நிறைவேற்றும் வசதியைச் செய்யாதுவிடின், காப்பில்லாத இளைஞர் மைதானத்துக்கு வெளியே நிற்பதே விளைவாகும்.

5

வளர்ந்தோர்க்கும் கணைக்காற் காப்பு கட்டாயமாதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு. ஆயின், அக்கட்டாயம் முதலில் ஆட்டத்தை ஒழுங்குசெய்வோரையே பிணித்தல் வேண்டும். போட்டியை நடத்தும் கழகமோ சங்கமோ காப்பினை வழங்குதல், ஆபத்தான ஆட்டத்தை மத்தியஸ்தர் கண்டிப்புடன் தண்டித்தல், காயமுற்றவரின் வேலையிழப்பை ஈடுசெய்யப் பொதுநிதி ஏற்படுத்தல் ஆகிய மூன்றும் அதனுடன் சேர்ந்தே வருதல் அவசியம். இவை இன்றி விதிக்கப்படும் கட்டாயம், தீங்கின் பழியைத் தீங்குற்றவர் மீதே சுமத்துவதற்கு உதவுமேயன்றி வேறு பயனளியாது.

1863 இல் விலகிச்சென்ற கனவான்கள் அஞ்சியதுபோல் ஆட்டத்தின் வீரம் அழிந்துவிடவில்லை. மாறாக, மறுநாள் வேலைக்குச் செல்லவேண்டிய கோடிக்கணக்கான மக்கள் ஆடக்கூடியதாக அது வளர்ந்தது. அவர்கள் மறுநாளும் வேலைக்குச் செல்லக்கூடியவராய் இருத்தலே ஒரு பாதுகாப்பு விதியை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாகும்.