வலையமைப்பின் வாயிற்காவல்

அறிவியல் வளர்ச்சியின் பயனாய், இன்று சிறிய அலுவலகங்களிலும் பேரேடுகளின் இடத்தைக் கணிப்பொறிகள் பிடித்துக்கொண்டன. பத்துக் கணிப்பொறிகளும் ஓர் அச்சுப்பொறியும் ஒரே வலையமைப்பில் இணைந்துள்ள தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிறருடைய வரிக்கணக்குகளும் ஊழியரின் சம்பளப் பட்டியலும் அங்கே இருக்கும். அயலார் கருவி ஒன்று அவ்வலையமைப்பில் சேர்ந்துவிட்டால், இவை அதற்கு எட்டும் தொலைவில் வந்துவிடும். அங்ஙனமாயின், எக்கருவியை உள்ளே விடுவது, எதனைத் தடுப்பது?

பலரும் முதலில் நாடுவது மேக் முகவரிப் பட்டியலாகும். வலையமைப்பில் சேரும் கருவி ஒவ்வொன்றுக்கும் 48 பிட் நீளமுள்ள அடையாள எண் உண்டு. எண்களும் எழுத்துகளும் கலந்த 12 குறிகளாக இதனை எழுதுவர். தொழிற்சாலையில் இடப்படும் எண்ணின் முதற்பகுதி, கருவியைச் செய்த நிறுவனத்தைக் காட்டும். அலுவலகக் கருவிகளின் எண்களை மட்டும் ரூட்டரில் பதிந்து, ஏனையவற்றை மறுக்கச் செய்யலாம்.

கேட்பதற்கு நன்றாயிருக்கும் இம்முறையில் பெருங்குறை ஒன்று உண்டு. வைஃபையில் செய்தியை மறையீடு செய்து அனுப்பினாலும், இந்த எண் மறைக்கப்படாமலேயே காற்றில் செல்கிறது. அருகிலிருந்து கவனிப்பவன் அதனை அறிந்து, தன் கருவிக்கும் அதே எண்ணைச் சூட்டிக்கொள்ளலாம். பிறர் வண்டியின் எண்ணைத் தன் வண்டியில் எழுதிக்கொள்வது போன்றதே இது! மேலும், 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 ஆகியவை முதல், கைப்பேசிகள் தம் உண்மை எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டும் வழக்கமும் பரவிவிட்டது. இதனால் உரியவரே வாயிலில் தடுக்கப்படுவதும் உண்டு. எனவே, இப்பட்டியல் கருவிகளைக் கணக்கெடுக்க உதவுமேயன்றிக் காவலுக்குப் போதாது.

உண்மையான பூட்டு மறையீடும் கடவுச்சொல்லுமே. அப்பூட்டும் பழுதற்றதாக இருத்தல் வேண்டும். 1997-இல் வந்த வெப் என்னும் முறையின் பலவீனத்தை 2001-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஆயினும், அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். நிறுவனம் அதனை உடனே கைவிடவில்லை. 2005-இல் கடைகளின் கம்பியில்லா இணைப்பு வழியே நுழைந்ததாகக் கருதப்படும் கள்வர், 4.5 கோடிக்கும் மேற்பட்ட வங்கி அட்டைகளின் விவரங்களைக் கவர்ந்தனர். இச்செய்தி 2007-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. இன்று டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 முறையையே கொள்ளுதல் வேண்டும்.

இங்கும் ஒரு சிக்கல் எழுகிறது. அனைவருக்கும் ஒரே கடவுச்சொல் இருப்பின், வேலையை விட்டு விலகியவரோடு அதுவும் வெளியே போய்விடும். இதற்குத் தீர்வாக அமைந்ததே 802.1எக்ஸ் என்னும் முறை. இதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று உண்டு. அதனைச் சரிபார்க்கத் தனி வழங்கி ஒன்று இருக்கும். விலகியவரின் சான்றை மட்டும் நீக்கினால் போதும். கம்பி இணைப்புக்கும் இம்முறை பொருந்தும்.

இவ்வசதி இல்லாத அலுவலகமும் சிலவற்றைச் செய்யலாம். ஒருவர் விலகியதும் கடவுச்சொல்லை மாற்றலாம். விருந்தினருக்குத் தனி வலையமைப்பு அமைக்கலாம். சுவரிலுள்ள பயன்படாத இணைப்புகளைத் துண்டிக்கலாம். ரூட்டருடன் வந்த பொதுவான நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. சற்றே விழிப்பு வேண்டும். நம்மை நம்பிப் பிறர் ஒப்படைத்த கணக்குகளைக் காப்பது நம் கடமையன்றோ!