ஊசுடு ஏரியின் ஆழம்

"புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி எது?" உழவர்கரைப் பள்ளி எதிலும் கேட்டுப் பாருங்கள், பத்துக் கைகளாவது உயரும். ஊசுடு ஏரி. ஒரு மதிப்பெண். "அந்த ஏரியின் முக்கியத்துவத்தை விளக்குக" என்றால் ஐந்து மதிப்பெண். பாசனம், நிலத்தடி நீர், மீன், வலசை வரும் பறவைகள், 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என ஐந்து வரி எழுதினால் போதும். இரண்டாவது கேள்வி ஆழமானது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த ஐந்து வரியும் நேற்றுக் கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு இறங்கியவை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் நீளத்தில் மட்டும்தான்.

இதைப் பற்றி இப்போது பேச வேண்டிய அவசியம் நமக்கு வந்திருக்கிறது. புதுச்சேரிக்கெனத் தனித் தேர்வு வாரியம் இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. பிறகு அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025-இல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதினார்கள். அதில் பாதி மதிப்பெண் திறன்சார் கேள்விகளுக்கு. ஒரு சூழலைக் கொடுத்து, படித்ததை அதில் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்விகள் அவை. 'புக் பேக்' கேள்விகளை உருப்போட்டே கரையேறிய ஊருக்கு இது சின்ன மாற்றமல்ல. நோக்கம் நல்லது என்றே நம்புகிறேன். ஆனால் வினாத்தாள் மாறினால் வகுப்பறையும் தானாக மாறிவிடும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

சிந்தனைக்குப் படிகள் உண்டு என்பதை ஆசிரியர் பயிற்சிக்குப் போன எல்லோரும் படித்திருப்பார்கள். 1956-இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் வகுத்த ஆறு படிகள் அவை. அறிதலில் தொடங்கி மதிப்பிடுதலில் முடியும். அதற்கேற்ற வினைச்சொற்களைப் பாடக்குறிப்பில் எழுதுவதும் பழக்கமாகிவிட்டது. 'பட்டியலிடு' கீழ்ப்படி, 'பகுத்தாராய்' மேற்படி. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பணியாற்றிய நார்மன் வெப் 1997-இல் வேறொரு அளவுகோலை முன்வைத்தார். நினைவுகூர்தல், திறனைப் பயன்படுத்துதல், காரணம் காட்டிச் சிந்தித்தல், நாள்பட நீளும் ஆய்வு என நான்கு மட்டங்கள். கேள்வியில் எந்த வினைச்சொல் நிற்கிறது என்பதைவிட, விடை தேடும் பிள்ளையின் மனம் என்ன வேலை செய்கிறது என்பதே அங்கே கணக்கு. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. 'பகுத்தாராய்க' என்று கேட்டுவிட்டு அதற்கும் ஒரு விடையைச் சொல்லி எழுதவைத்தால் பிள்ளை முதல் மட்டத்தைத் தாண்டவே இல்லை. திறன்சார் கேள்விகளுக்கும் இதே கதி நேரலாம். மாதிரி வினாத்தாள்களையே திரும்பத் திரும்பப் போட்டுப் பழகினால் சூழல் கேள்வியும் மனப்பாடக் கேள்வியாகிவிடும்.

அதற்காக மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை கணக்கில் யோசிக்கத் தொடங்கும் முன்பே களைத்துவிடும். அதோடு நின்றுவிடுவதுதான் குறை.

இதில் நம்மிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஆசிரியர் சொல்வதை ஒருவன் எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் சேரும் என்கிறது. உடன் பயில்பவர்களோடு கலந்து பழகினால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். நம் வகுப்பறைகள் முதல் காலோடு மணியடித்துவிடுகின்றன.

அந்த அரையின் அருமை எனக்குத் தெரியும். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க, தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று படித்து முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். "ஏன் திருப்பணும்?" என்று தம்பி கேட்டபோது வாயடைத்துப்போனேன். அம்மா அரைப்படியையும் கால்படியையும் எடுத்து வைத்து, "அரையில எத்தனை கால் இருக்கு, அளந்து பாருடா" என்றார். இரண்டு. அன்றுதான் வகுத்தல் எனக்குப் புரிந்தது.

அம்மா கேட்டது தமிழில். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் காட்டிப் பேச, தடுமாற, சொன்னதைத் திருத்திக்கொள்ளப் பிள்ளைக்குத் தன் மொழி வேண்டும். தேர்வை ஆங்கிலத்தில் எழுதட்டும். அதற்கு முன் தமிழில் வாதாடிப் பார்க்க இடம் கொடுங்கள். நேரமும் கொடுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அது மூன்று விநாடியானபோது விடைகள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

ஏரிக்கே திரும்புவோம். கோடையில் ஏரி வற்றினால் முதலில் தவிப்பது யார், பறவையா, மீன்பிடிப்பவரா, விவசாயியா? இதற்கு எந்தக் கைடிலும் விடை இல்லை. வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். இன்னும் ஆழம் போக வேண்டுமென்றால், கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் இந்த ஊரில், பிள்ளைகள் தங்கள் தெருக் கிணறு ஒன்றின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை அளக்கலாம், மழையளவோடு சேர்த்து வரைபடம் போடலாம். ஜூலையில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர் வரை அளக்க வேண்டும். நீர்வளப் பாடத்தை ஆகஸ்டிலேயே முடிக்கச் சொல்லும் அட்டவணையில் அந்த டிசம்பருக்கு யார் இடம் கொடுப்பார்கள்?